நாலு நிமிடம் முன்னால்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவன் நான். கேட்டில் விரல் வைக்கிற பஞ்சிங் மிஷினுக்கு நேரம் சொல்வது என் அறையிலிருக்கும் லினக்ஸ் சர்வர். அது இணையத்தில் கேட்டுத் தன் கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். சமர்த்தாகச் செய்துகொண்டுதான் இருந்தது, நான் கை வைக்கிறவரை.

ஒரு நாள் ஷிப்ட் ரிப்போர்ட்டைச் சோதிக்கத் தேதியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. தள்ளத் தள்ள, பிடிவாதமாக இன்றைய தேதிக்கே வந்து நின்றது. எரிச்சலில், அந்தத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டையே நிறுத்திவிட்டேன். ஒரு வரிக் கட்டளைதான். வேலை முடிந்ததும் செல்லைப் பார்த்துக் கையால் நேரம் வைத்தேன். நிறுத்தியதைத் திரும்பப் போட மறந்தேன். தனியே விட்டால் கம்ப்யூட்டர் கடிகாரம் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி பிசகும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

சில மாதத்தில் அது நாலு நிமிடம் முன்னால் ஓடிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் கால் மணி முன்பே இறங்கிவிடுவதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஆறு மணி ஷிப்டுக்குக் கடைசி நேரத்தில் ஓடிவரும் ஒரு கான்ட்ராக்ட் பெண்தான் மாட்டிக்கொண்டாள். மாதத்தில் மூன்று லேட் மார்க் விழுந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். இரண்டாவது விழுந்த அன்று, டீ நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், நான் வரசொல்ல என் செல்லுல ஆறாவ ரெண்டு நிமிசம் இருந்துச்சு. உங்க மிஷினு ஆறு ரெண்டுன்னு காட்டுது. இன்னான்னு கொஞ்சம் பாருங்க சார்."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா. நீதான் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும்."

பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. என் செல் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

மூன்றாவது மார்க்கும் விழுந்தது. மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம், கேமரா நேரமும் பஞ்சிங் நேரமும் ஒத்துப்போகவில்லை என்று செக்யூரிட்டி வந்து சொன்னார். செல்லை எடுத்து சர்வர் நேரத்தோடு வைத்துப் பார்த்தேன்; சர்வர் நாலு நிமிடம் முன்னால் இருந்தது. மறந்துபோன அந்த ஒரு வரியைப் போட்டதும் கடிகாரம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அவளுடைய மூன்று மார்க்கிலிருந்தும் நாலு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தேன். மூன்று நாளும் அவள் ஆறு மணிக்குள் வந்திருக்கிறாள்.

எச்.ஆர். அறை இருபது அடி தூரம்தான். அந்த ஏற்பாட்டை யார் நிறுத்தியது என்று கேட்பார்களே என்று போகவில்லை. அதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"நல்லா கீறீங்களா சார்? ஆறு மாசம் வூட்லதான் இருந்தேன். இப்பதான் வேற கம்பெனில சேந்துகீறேன்." மணிக்கட்டை நீட்டிப் புது வாட்சைக் காட்டினாள். "நீங்க சொன்னது கரீட்டு சார், தப்பு என் மேலதான். அதான் அஞ்சு நிமிசம் முன்னாடி வெச்சிக்கினு கீறேன். ஒரு நாள்கூட லேட்டு இல்ல."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நல்லதும்மா" என்றேன்.