நாலாவது ஸ்பிரிங்

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மாதத்தில், எங்கள் விருத்தாசலத்தில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரே ஒரு ஆளைக் கை காட்டிவிட முடியாது. அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

நான் இங்கே ஒரு பீங்கான் யூனிட்டில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறேன். சூளையில் வெந்து வருகிற ஃப்யூஸ் கட்டைகளைச் சோதித்துப் பிரிப்பது என் வேலை. ஒவ்வொன்றாக எடுத்து, விரல் நுனியில் லேசாகத் தொங்கவிட்டு, சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டுவேன். நல்லதாக இருந்தால் கணீரென்று கேட்கும். கண்ணுக்கே தெரியாத விரிசல் இருந்தால்கூட 'டொக்' என்று செத்த சத்தம் வரும். டொக் என்றால் கழிவுக் கூடைதான். முதலாளியே பக்கத்தில் வந்து, "பாக்க நல்லாத்தானேம்மா இருக்குது" என்று சொன்னாலும் போட்டதைத் திரும்ப எடுக்க மாட்டேன். அவரும் அதற்கு மேல் பேச மாட்டார்.

என் தம்பி எட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவன். வந்ததும் வீடு கட்டுவான், கடை வைப்பான் என்று பார்த்தால், இரண்டு கதவு வைத்த ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினான். சரி, ஆசை. அதோடு விட்டானா? வண்டி உயரமாக இருக்கிறதாம், இறக்க வேண்டுமாம். நிலக்கரி லாரி ஓடி ஓடிப் பள்ளமாகிக் கிடக்கிற ரோட்டில் எல்லாரும் வண்டியை உயர்த்துவதற்கு வழி தேடுகிறார்கள். இவன் தரையோடு தரையாகப் போனால்தான் அழகு என்கிறான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவன் விளையாட்டாக அதில் இறங்கவில்லை. நாலு மாதம் அதே படிப்புதான். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடம் நடத்துவான். இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்குவது சுலபம், ஆனால் ஆபத்து. கேஸ் நெருப்பில் சூடு காட்டி வெட்டினால் இரும்பின் பலமே போய்விடும். அந்த வண்டிக்கென்றே குட்டையாகச் செய்த ஸ்பிரிங்தான் போட வேண்டும். அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர் போட வேண்டும். நடுவில் வருகிற ரப்பர்களையும் மாற்ற வேண்டும். "கொஞ்சமா எறக்கினாப் போதும்க்கா, ஆனா பத்து வருஷம் தாங்கணும்" என்பான். இவ்வளவு தெரிந்தவனைத்தான் ஏமாற்றினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அவன் தேடிப் பிடித்த கடை பக்கத்து ஊர் பைபாஸில் இருந்தது. கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கப் படங்கள், வந்தவர்களுக்குக் குளிர்பானம். தம்பி கேட்ட ஸ்பிரிங் செட்டை அட்டைப்பெட்டியோடு காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் நிறம், மேலே அச்சடித்த நம்பர், எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. வண்டியை விட்டுவிட்டு வந்தான். மாட்டுகிற அன்று, நாங்கள் இருவரும் அவன் கல்யாணத்துக்கு ஜவுளி பார்க்கப் போகிற வழியில் அங்கே இறங்கினோம்.

வண்டியை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கீழே சாக்கு விரித்து நாலு மஞ்சள் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். தம்பியும் கடைக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை சும்மா இருக்காது. பழக்கதோஷம். ஒன்றை எடுத்து விரலில் தொங்கவிட்டு, அங்கே கிடந்த ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினேன். கணீரென்று கேட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவது டொக் என்றது.

திரும்பத் தட்டினேன். பிடியை மாற்றித் தட்டினேன். டொக்தான்.

"இதுல விரிசல் இருக்குதுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தார். "அக்கா, இது பீங்கான் இல்லீங்க, இரும்பு. நீங்க சேர்ல உக்காருங்க, டீ சொல்றன்" என்றார். வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் தம்பியும் சிரித்தான். "எங்கக்கா வூட்டுல சட்டியக்கூடத் தட்டிப் பாத்துதாங்க அடுப்புல வைக்கும்" என்று அவன் வேறு எடுத்துக் கொடுத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஸ்பிரிங்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் சேரில் உட்கார்ந்தேன். டீ வந்தது, குடித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பத்து நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது. அந்தச் சத்தம் அவ்வப்போது நினைவுக்கு வந்தது. இரும்பைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினான். என் மகளும் மாமாவோடு போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்போது ஒன்பதாவது படித்தாள். எனக்கு அன்று ஆர்டர் அவசரம் என்று வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்று, பெல்ட்டைப் போட்டுக்கோ என்று சொல்லி, நானே கதவைச் சாத்தி அனுப்பிவைத்தேன்.

பதினொரு மணி இருக்கும். சூப்பர்வைசர் என் மேஜைக்கே வந்து, கம்பியைக் கீழே வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றார். அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

நடந்தது இதுதான். புதிதாகப் போட்ட ஒரு வேகத்தடை, வெள்ளைக் கோடுகூட அடிக்கவில்லை. அதில் ஏறி இறங்கும்போது பின்பக்க ஸ்பிரிங் ஒடிந்து, ஒடிந்த முனை டயரைக் கிழித்துவிட்டது. வண்டி சுற்றிக்கொண்டு போய் மதகுச் சுவரில் மோதி நின்றது. எதிரே வந்த தனியார் பஸ் டிரைவர் பிரேக் போட்டிருக்காவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த மனிதர் இவர்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல், அத்தனை பயணிகளோடும் நேராக அரசு மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம். ஒரு அம்மா தன் முந்தானையால் என் மகளின் நெற்றியை அழுத்திப் பிடித்தபடியே வந்திருக்கிறார். அவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மகளுக்குப் புருவத்துக்கு மேல் ஆறு தையல், இடது கையில் எலும்பு முறிவு. தம்பிக்கு நெஞ்சில் அடி. உயிர் தப்பியது.

மறுவாரம் ஒடிந்த ஸ்பிரிங்கை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தம்பியோடு அந்தக் கடைக்குப் போனேன். ரோடு சரியில்லை என்றார் கடைக்காரர். ஓட்டத் தெரியவில்லை என்றார். பின்னால் பாரம் ஏற்றியிருப்பீர்கள் என்றார். நாற்பது கிலோ இருக்கிற என் பெண்ணும் ஒரு கட்டுப் பத்திரிகையும் பாரமாம்! என் தம்பி அப்போதும் தலையை ஆட்டிக்கொண்டே, "ரோடும் மோசம்தாங்க" என்று அவருக்கு ஒத்து ஊதினான். அன்றைக்கு அவனை அறையாமல் விட்டது பெரிய காரியம்.

ஸ்பிரிங்கை அவர் மேஜைமேல் வைத்தேன். ஒடிந்த இடத்தில் பாதி பளபளவென்று இருந்தது, மீதிப் பாதி கறுத்துத் துருப்பிடித்திருந்தது. பத்து நாளில் உள்ளே அப்படித் துரு ஏறாது. பளபளப்பு அன்றைக்கு ஒடிந்தது, கறுப்பு எப்போதோ விட்ட விரிசல். பீங்கானிலும் இதே கதைதான், பழைய விரிசலில் அழுக்கு ஏறியிருக்கும். மஞ்சள் பெயின்ட்டைச் சாவியால் சுரண்டினேன். அடியில் பழைய கறுப்புப் பெயின்ட் இருந்தது. முனையில் சூடு பட்டு நீலம் பாய்ந்திருந்தது. எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங்கையே வெட்டி, ராவி, மஞ்சள் அடித்து மாட்டியிருக்கிறார்கள். பெட்டியில் காட்டிய புதுசு பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

"வேற செட் போட்டுத் தரன், பெரிசு பண்ணாதீங்கக்கா" என்றார் அவர். குரலில் வெட்கம் கொஞ்சமும் இல்லை. நான் போட்ட சத்தத்தில் பைபாஸில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இப்போது கேஸ் நடக்கிறது. எத்தனை வாய்தா ஆனாலும் நான் விடப்போவதில்லை.

ஆனால் கடைக்காரரைவிட என்னை எரிய வைத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் வந்தவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே?" என் கணவர் கேட்டார். சித்தப்பா கேட்டார். கூடவே நின்று சிரித்த தம்பியும் கேட்டான், "இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்லக்கா?" சொன்னேனே! உன் காதில் விழுந்துதானே சட்டிக்கதை சொன்னாய்? பெண்பிள்ளை சொன்னால் சிரிப்பது, விபரீதம் நடந்தால் ஏன் சொல்லவில்லை என்று அவளையே கேட்பது, இது என்ன நியாயம்? அவர்கள் ஒவ்வொருவரிடமும் இதைக் கத்தியே சொன்னேன்.

கையில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்த என் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஒருவாட்டி சொன்ன, சரி. ரெண்டாவது வாட்டி ஏம்மா சொல்லல?"

அவளிடம் என்னால் கத்த முடியவில்லை. ஒரு ஃப்யூஸ் கட்டைக்காக முதலாளியையே எதிர்த்து நிற்கிற நான், என் பிள்ளை ஏறப்போகிற வண்டிக்காக ஒரு சிரிப்பை எதிர்த்து நிற்கவில்லை. அதற்குப் பெயர் கூச்சமா, பயமா, நாகரிகமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் எனக்குச் சரியில்லை என்று பட்டதை இரண்டாவது தடவையும் சொல்கிறேன், மூன்றாவது தடவையும் சொல்கிறேன். என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். என் மகள் முடியை ஒதுக்கிப் பின்னல் போடும்போது புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு தெரிகிற வரைக்கும், அந்தப் பெயர் எனக்குப் போதாது என்றுதான் தோன்றுகிறது.