நீர்மாலையில் உடைந்த குடம்

என் தங்கை கருத்தம்மாள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் இறந்தபின், வேலிக்கருவை மூடிக் கிடந்த கரிசல் காட்டை, "அது ஒன்றுக்கும் ஆகாது, எங்களுக்கே விட்டுவிடு" என்று கொழுந்தன்மார் கேட்டார்கள். விடவில்லை. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு விறகைக் கொடுத்து, அதற்கு ஈடாக வேரைப் பிடுங்க வைத்து, அதே காட்டில் பருத்தி எடுத்தாள். வார்டு தேர்தலில் நின்றபோது கொழுந்தன் மனைவியே எதிர்த்து நின்றாள். இருவருக்கும் சம ஓட்டு. குலுக்கலில் இவள் பெயர் வந்தது. குலுக்கலில் வந்தாலும் அது ஜெயிப்புதான். அவள் ஊருக்குப் பிரியும் சாலை விலக்கில் நிற்காமல் போன திருச்சுழி பஸ்ஸை நிற்க வைத்தாள். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, சொந்தக்காரர்களுடைய சந்தேகத்தை ஜெயித்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். அதனால் எழுதும் வேலை என்னுடையது.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே இருக்கிறது. கண்மாய்க் கரையில் எங்கள் குலசாமி அய்யனார் கோயில். மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடிப் பொங்கல் வைப்போம். தாத்தா காலத்து மேட்டுக்காடு இன்னும் பிரிக்காமல் கூட்டுப் பட்டாவாகவே இருக்கிறது. குதிரைவாலி விதைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆடு மேயும். அந்தக் காட்டை யாரும் பெரிதாக நினைத்ததில்லை, சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து அளந்து பார்க்கும் வரைக்கும்.

அவர்கள் அளந்துவிட்டுப் போன பிறகு, ஆடி மாதத்தில், பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நாகராஜ் என்பவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய தாத்தா பஞ்ச காலத்தில் ரெட்டியபட்டிப் பக்கம் ஏதோ ஓர் ஊரிலிருந்து கிளம்பிப் போனவராம். எந்த ஊர், எந்தச் சாமி என்று சொல்ல வீட்டில் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை. பேத்திக்கு முதல் முடி இறக்க வேண்டும். குலசாமி தெரியாமல் எங்கே இறக்குவது? குழந்தைக்கு ஐந்து வயதாகி, முடி சிக்குப் பிடித்துத் தொங்குகிறது என்றார். பக்கத்து ஊர்களில் கேட்டுவிட்டுக் கடைசியாக எங்கள் ஊருக்கு வந்திருந்தார்.

கருத்தம்மாள் அன்று ஆடிக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் போனபின் என்னிடம் சொன்னாள்.

"ஆளு பொய் சொல்ற மாதிரி தெரியலண்ணே. அதுக்காக மெய்யின்னும் எடுத்துக்கிற முடியாது. விசாரிச்சுப் பாத்துருவோம்."

என் பெரியப்பா மகன் வீரபாண்டி அண்ணன் விசாரிக்கவே விடவில்லை. பங்காளிகளில் மூத்தவர் அவர். கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவரும் அவர்தான். டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இத்தன வருஷம் தேடாத சாமிய இப்ப என்னத்துக்குத் தேடுறாக? சோலாருக்காரன் வந்த பெறகுதான் அய்யனாரு இருக்குற எடம் தெரியுதாக்கும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மனிதன் சாமியைத் தேடி வருவதும், நிலத்தைத் தேடி வருவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

கருத்தம்மாள் விசாரிக்கத் தொடங்கியதும் சந்தேகம் அவள் பக்கம் திரும்பியது. தாத்தா கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எங்கே போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று எல்லோரும் யோசித்தார்கள். பெண்களுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்துவிட்டது அல்லவா? ஒரு வீட்டில் பட்டா நகலைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டார்களாம். இன்னொரு வீட்டில் அவள் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்கள், ரெக்கார்டு ஆகிறதா என்று. என் மனைவி தங்கலட்சுமியே சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்க தங்கச்சி பேச்சு எங்க சுத்துனாலும் மேட்டுக்காட்டுல வந்துதான் நிக்கும். பாத்து இருந்துக்கோங்க."

எழுதத் தெரியாததால் கருத்தம்மாள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசித்தான் அனுப்புவாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று தாத்தா தலைமுறையைப் பற்றிக் கேட்டு அனுப்பினாள். எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இரண்டு பேர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். மறுநாள் ஒருவர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கும் முறையை மாற்றினாள். யார் யாருக்குப் பிறந்தார் என்று கேட்டால்தானே வாயை மூடுகிறார்கள்? யார் எப்படிச் செத்தார் என்று கேட்க ஆரம்பித்தாள். சாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்று மழையா வெயிலா, கொட்டுக்காரர்கள் எந்த ஊர், யார் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போனார்கள், எல்லாம் வரும். அதோடு நீர்மாலைக்கு யார் யார் போனார்கள் என்பதும் வரும். இறந்தவரைக் குளிப்பாட்ட, பங்காளிகள் கண்மாய்க்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து, வரிசையாகச் சுமந்து வருவது நீர்மாலை. மாமன் மச்சான் எவ்வளவு நெருக்கமானாலும் அந்த வரிசையில் குடம் தூக்க முடியாது. குடம் தூக்கியவன் பங்காளி.

அந்தக் கார்த்திகையில் ரெட்டியபட்டியில் ஒரு சாவுக்குக் கேதம் கேட்கப் போயிருந்தோம். பந்தலில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு பழைய சாவுகளுக்குப் போனது. வீரபாண்டி அண்ணன் எங்கள் தாத்தா செத்த கதையை எடுத்தார். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது, பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அண்ணன் மூத்த பேரன், நெய்ப்பந்தம் பிடித்தவர். நீர்மாலைக்குப் போனவர்களில் இன்று உயிரோடிருப்பவர் அவர் ஒருவர்தான். கண்மாய்ச் சகதியில் ஒரு ஆள் வழுக்கி விழுந்து குடம் உடைந்துவிட்டதாம். வேறு மண்குடம் கிடைக்கவில்லை. டீக்கடையிலிருந்து அலுமினியக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்களாம்.

"தாத்தாவ டீ வாசத்தோடதான் அனுப்பி வச்சோம்" என்றார். கேத வீட்டிலும் சிரித்துவிட்டார்கள்.

நானும் சிரித்தேன். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருத்தம்மாள் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவள் என்னிடம் கேட்டாள்: விழுந்த ஆள் யார் என்று வீரபாண்டி அண்ணன் ஏன் சொல்லவில்லை? எங்கள் ஊர் ஆளாக இருந்தால் பெயரைச் சொல்லித்தானே கேலி செய்திருப்பார்?

அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு பாளையம்பட்டிக்குப் போனாள். நாகராஜ் கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரம். போகும் வழியிலேயே, "குடத்தப் பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்று எனக்குச் சொல்லிவிட்டாள். நாம் சொன்னால் அதையே அவர் திருப்பிச் சொல்லிவிடலாம் அல்லவா? கடையில் போய் உட்கார்ந்து, சீனி விலை, பேத்தி பள்ளிக்கூடம் என்று பேசிவிட்டு, அவருடைய அப்பா எப்படி இறந்தார் என்று சாதாரணமாகக் கேட்டாள். நாகராஜ் சொல்லிக்கொண்டே போனார். அப்பாவுக்குச் சாவு வீடு என்றாலே பயம் என்றார். பாளையம்பட்டியில் வேண்டியவர்கள் சாவுக்குப் போனால்கூடத் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போக மாட்டாராம்.

"ஏன் அப்படி?" என்று கேட்டாள்.

"அவரோட பெரியய்யா, எங்க தாத்தாவுக்கு அண்ணன், அவரு கேதத்துல அப்பா கொடத்தப் போட்டு ஒடச்சுட்டாராம்க்கா. ஆளாளுக்கு ஏசிட்டாக போல. டீக்கடைக் கொடத்துல தண்ணி எடுத்துட்டு வந்தோம், அந்த அவமானத்துல சோறு திங்காம வந்தவந்தான், அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலன்னு சொல்லுவாரு. எந்த ஊருன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாரு."

நான் கருத்தம்மாளைப் பார்த்தேன். அவள் சீனிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, நேரமாயிற்று, பஸ்ஸு போய்விடும் என்று எழுந்துவிட்டாள். வெளியே வந்து, குடத்தைப் பற்றி ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, "சொல்ல வேண்டிய எடம் இது இல்லண்ணே" என்றாள்.

தை மாதத்தில் சிவராத்திரிச் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைக்கக் கோயிலில் பங்காளிகள் கூடினோம். நாகராஜும் வந்திருந்தார். கருத்தம்மாள்தான் வரச் சொன்னாள் என்று தெரிந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்காளிக் கூட்டத்தில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். அவள் வேப்ப மரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்தாள். வரிப் பேச்சு முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது, இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

"வீரபாண்டி அண்ணே, அந்த டீக்கடைக் கொடத்துக் கதையச் சொல்லுங்க. இந்தச் சின்னப் பயலுக கேட்டதில்ல."

கதை சொல்வதென்றால் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிடும். எழுந்து நின்று, வழுக்கியதை நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். குடம் இங்கே போச்சு, ஆள் அங்கே போச்சு என்று கையைக் காட்டினார்.

"சட்ட வேட்டியெல்லாம் ஒரே சகதி. பாளையம்பட்டிக்கு எப்படிப் போவேன்னு அந்த ஆளு அழுகுறான்" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

நாகராஜ் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"பங்காளி இல்லாதவுகள நீர்மாலையில கொடம் தூக்க விடுவாகளாண்ணே?" என்றாள் கருத்தம்மாள்.

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பாளையம்பட்டி என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்ததா, முன்பே தெரிந்து மறைத்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். பிறகு கருத்தம்மாள் பாளையம்பட்டிக் கடையில் கேட்டதை எல்லோருக்கும் சொன்னாள். நான் சாட்சி சொன்னேன். டீக்கடைக் குடத்தை இரண்டு வீட்டுக்காரர்களும் தனித்தனியே சொன்ன பிறகு மறுக்க ஒன்றுமில்லை. நாகராஜின் தாத்தாவும் எங்கள் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள்.

வீரபாண்டி அண்ணன் அவ்வளவு எளிதில் விடுகிறவர் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"சரி, சேத்துக்கிருவோம். நாளைக்கு இதுல வில்லங்கம் வந்தா யாரு பொறுப்பு? விசாரிச்சவுக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கைநாட்டெல்லாம் வேணாம்."

கைநாட்டு செல்லும் என்று எனக்குத் தெரியும், பேங்கிலேயே வாங்குகிறார்கள். அது அவளை மடக்கச் சொன்ன பேச்சு. நாகராஜ் எழுந்து, எனக்கு நிலம் வேண்டாம், அதையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். கருத்தம்மாள் அவரை உட்காரச் சொன்னாள். சாமி காரியத்தையும் நிலத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்றாள். நான் பேனாவை எடுத்தேன். அதையும் தடுத்தாள்.

"தேடுனது நான். நீங்க போட்டா, அண்ணன் மறைவுல நின்னு பேசுறான்னு சொல்லுவாக. சிவராத்திரி வரைக்கும் தவணை குடுங்க. நானே போடுறேன்."

அவள் மருமகள் தங்கச்செல்வி பன்னிரண்டாவது படித்தவள். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். பருத்தி எடுத்துவிட்டு வந்த கை, பேனாவை மண்வெட்டி போலப் பிடித்தது. 'ரு' வரவே இல்லை. "பேரு வச்சவுக கொஞ்சம் சின்னதா வச்சிருக்கலாம்" என்று ஒருநாள் போனில் என்னிடம் அலுத்துக்கொண்டாள். மாசி பிறந்த பிறகு கேட்டபோது, 'ரு' வந்துவிட்டது, 'ள்' மட்டும் சாய்கிறது என்றாள். அவளால் ஆகாது என்று வீரபாண்டி அண்ணன் வீட்டில் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது.

சிவராத்திரி அன்று காலையில் நாகராஜ் குடும்பத்தோடு வந்து கோயிலுக்கு வெளியே நின்றார். தாள் கையில் வரும்வரை உள்ளே விடவில்லை. முடி இறக்குகிறவர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழந்தை சிக்கு முடியோடு பாட்டி மடியில் தூங்கிவிட்டது. பாளையம்பட்டி நாகராஜ் குடும்பம் எங்கள் தாத்தா கூடப் பிறந்தவர் வழி, இதை விசாரித்துச் சொன்னது நான், இதனால் வரும் பேச்சுக்கு நானே பொறுப்பு என்று கருத்தம்மாள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதை என்னை வாசிக்கச் சொன்னாள். பிறகு தாளை வாங்கித் தங்கச்செல்வியிடம் கொடுத்து, அவளையும் வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்ததைவிட ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை என்று பார்த்துக்கொண்டாள். என்னிடமே அவளுக்குச் சந்தேகம். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

மேட்டுக்காட்டை இன்னும் விற்கவில்லை. நாகராஜ் இன்றுவரை பங்கு கேட்கவில்லை. இனிக் கேட்க மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். குரூப்பை விட்டுப் போன இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். யார் வழி யார் என்று கருத்தம்மாள் பேசி அனுப்புவதை இப்போது எல்லோரும் கேட்டு, பதிலும் சொல்கிறார்கள். வீரபாண்டி அண்ணன் மட்டும் சாவுக் கதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

அந்தச் சிவராத்திரி அன்று கருத்தம்மாள் அய்யனார் முன்னால் தரையில் உட்கார்ந்து, தாளைப் பூசைப் பலகைமேல் வைத்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். 'ள்' கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. வீரபாண்டி அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, குழந்தையை எழுப்பி உள்ளே கூட்டிவரச் சொன்னார். கையெழுத்துக்குக் கீழே தேதியை நான் எழுதினேன்: 26.02.2025, மாசி 14, புதன்கிழமை.