துணி பார்க்கிற வெளிச்சம்

எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. இப்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகுவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலேயே இப்படி இருந்திருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது.

குமாரபாளையத்தில் அம்மாவுக்குத் துணி பார்க்கிற வேலை. தறிப் பட்டறையிலிருந்து வெள்ளை வேட்டிக் கட்டுகள் வீட்டுக்கு வரும். ஒவ்வொன்றாக விரித்து, இழை விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து மடித்து அடுக்க வேண்டும். சிமெண்ட் அட்டைக் கூரை போட்டிருந்த காலத்தில் வீட்டுக்குள் பட்டப்பகலிலும் இருட்டுதான். டியூப்லைட்டில் கறை ஒளிந்துகொள்ளும் என்பாள் அம்மா. அதனால் வாசலில், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பார்ப்பாள். லாரி போனால் புழுதி. உடனே கட்டை வாரிக்கொண்டு உள்ளே ஓட்டம்.

அக்கா கல்யாணம் முடிந்த கையோடு அட்டையைப் பிரித்து ஓடு போடுவது என்று முடிவானது. தலை ஆடிக்கு அக்காவோடு மாமா வருவார். புது மாப்பிள்ளையை அந்த அட்டைக்குக் கீழே வேகவைக்க அம்மாவுக்கு மனசில்லை. நான் அப்போதுதான் சேலத்தில், அஸ்தம்பட்டியில், ஒரு ஆபீசில் சேர்ந்திருந்தேன். அந்தக் கட்டடத்து மாடிப்படிக்கு மேலே ஒரு கண்ணாடிச் சதுரம். அதற்குக் கீழே நின்று என் வெள்ளைத் துப்பட்டாவை விரித்துப் பார்த்தேன். காலையில் சாம்பார் பட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. அம்மாவுக்கு இதுதான்! அன்றைக்கே செல்லில் இரண்டு ஜன்னலுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஜன்னல்கள் வந்தன. அவற்றைச் சுற்றி, ஓட்டின் வளைவுக்கு ஏற்ப மடித்துவிடுகிற அலுமினியத் தகடு வரவில்லை. அது தனிப் பார்சலாம், தாமதமாகுமாம். ஆனி முடிகிற நேரம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கூரையில் கை வைக்க விடமாட்டார்கள். அப்புறம் ஆவணிதான்.

ஓடு போட வந்தவர் பல வருஷம் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே சுற்றியவர். தகடு இல்லாமல் முடியுமா என்று கேட்டேன்.

"அட, பம்பாய் மழையவே பாத்தவனுங்க நானு! சுத்தியும் சிமெண்டப் பூசி உட்டா எறும்பு எறங்காதுங்க அம்மிணி."

"தகடு வந்தப்புறமே மாட்டிக்கலாமே சாமி" என்றாள் அம்மா என்னிடம்.

"அதுக்குள்ள ஆடி பொறந்துரும்மா. இன்னும் ஒரு மாசம் வாசல்லயே உக்காந்திருப்பியா?" என்றேன்.

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரிதான்."

படித்த பிள்ளைதான். வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் விரியும், ராத்திரி சுருங்கும், சிமெண்ட் அதன் கூடவே விரிந்து சுருங்காது என்பதெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அம்மா நடு வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தாள். "இங்க வந்து பாரு, ஒத்த இழை உட்டுருக்கறதுகூடத் தெரியுது. இத்தன வருசமா எத்தனையக் கோட்ட உட்டனோ!" என்று சிரித்தாள். ஆடி அழைப்புக்கு வந்த மாமா அண்ணாந்து பார்த்து, "ஊடு ஷோரூமாட்டம் இருக்குதுங்க அத்தை" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு ஜன்னல் வாங்கியிருப்பேன்.

அக்காவும் மாமாவும் ஊருக்குப் போனதும் ஆடிக்காற்றோடு ஒரு மழை வந்தது. பூசின சிமெண்ட் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் புது ஓட்டின் செந்தூளைக் கரைத்துக்கொண்டு பாய்க்கருகே சொட்டியது. அம்மா கட்டுகளை நகர்த்தினாள். நான் ஏணியை நகர்த்தி ஏறினேன்.

"ஆடியில கூரையப் பிரிக்கறதா? எறங்கு மொதல்ல."

ஓட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர், "பிரிச்சாத்தானுங்க ஆடிக்கு ஆகாது, மேல மூடறது வேலையில சேராதுங்க" என்று ஒரு வழி சொல்லி, அக்காவின் கல்யாண பேனரை மேலே போட்டுக் கட்டிவிட்டுப் போனார். ரோஸ் நிறப் பேனர். ஒழுகல் நின்றது. ஆனால் வீடு முழுக்க ரோஸ் வெளிச்சம். மத்தியானத்தில் மாமாவின் மீசை நிழலாகத் தரையில் விழும். அம்மா அதன்மேல் வேட்டியை விரித்துப் பார்ப்பாள்.

"கலர் மாத்தித் தெரியுமேம்மா?"

"வெளிச்சம் வருதில்ல, போதும். வெளியில இந்தக் காத்துல வேட்டி நிக்குமா?"

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கட்டு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்தார்.

"ஏனுங்க்கா, வேட்டிக்கு மருதாணி வெச்சு உட்டிருக்கீங்க?"

ஓரத்தில் இளஞ்சிவப்பாய்க் காய்ந்த நீர்க்கோடு. அதற்கடுத்த வேட்டியிலும் அதே கோடு. மழை சொட்டிய அன்று பட்டது. அந்த ரோஸ் வெளிச்சத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அம்மா வேட்டியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"நாந்தானுங்களா இதப் பாத்து மடிச்சேன்?"

"உடுங்க்கா. ஆனா இனிமே கட்டு ஊட்டுக்கு வராதுங்க. குடோனுக்கே வந்து பாக்கச் சொல்லிட்டாரு மொதலாளி."

நான்தான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். "அதுக்கென்னங்க அம்மிணி" என்று வண்டியைக் கிளப்பினார்.

ஆவணி பிறந்த வாரமே, அதற்குள் வந்து சேர்ந்திருந்த தகட்டை மாட்டினோம். அதற்குப் பிறகு பெய்த எந்த மழைக்கும் சொட்டு இறங்கவில்லை. முற்பகலில் நடு வீட்டில், ஒரு பாய் அகலத்துக்கு, அப்பழுக்கில்லாத வெளிச்சம் விழுகிறது. லீவு நாளில் நான் மட்டும் அதைப் பார்க்கிறேன். அம்மா காலையில் குடோனுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புகிறாள். அங்கே ஜன்னல் கிடையாது. வரிசையாக டியூப்லைட்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் குடோனுக்குப் போகாமல் நடு வீட்டில் படுத்திருந்தாள். வெளிச்சம் மெல்ல நகர்ந்து முகத்துக்கு வந்தது.

"கண்ணு கூசுது சாமி. அந்த பேனர எடுத்து மேல போட்டு உடு."

"இப்ப ஒழுகாதும்மா. தகடெல்லாம் மாட்டியாச்சு."

"ஒழுகுதுன்னு ஆரு சொன்னா?"

முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பேனர் பரணிலேயேதான் இருந்தது. ஆடியும் போய்விட்டது, கூரையில் ஏறுவதற்குத் தடையில்லை. ஏணியை எடுக்கப் போனேன்.