கிட்டார் தனியாகப் போகாது

என் அக்காளைக் கட்டியவரை எங்கள் இசைக்குழுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மற்ற குழுக்களில் கிட்டாரைத் துணி உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு வருவார்கள். இவர் கறுப்பு நிறத்தில், நாலு பூட்டு வைத்த, உள்ளே வெல்வெட் ஒட்டிய கெட்டிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு விருந்து மண்டபத்தில் காவலாளி அதைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டு நகை வருகிறது என்று நினைத்து, கூட்டத்தை விலக்கி வழி விட்டிருக்கிறான். எனக்கு அவர் அத்தான். நான் அதே குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன். வீட்டில் நடப்பதும் எனக்குத் தெரியும், மேடையில் நடப்பதும் தெரியும். அதனால் வயிறு எரிவதும் எனக்கு இரண்டு பங்கு.

பெட்டிக்குள் இருந்தது லேசுப்பட்ட சாமான் இல்லை. ஒரே ஆள் உட்கார்ந்து கையால் செய்தது. செய்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த மரத்தையும் இப்போது வெட்ட விடுவதில்லை. அக்காள் பேரில் இருந்த வீட்டு மனையை விற்றுத்தான் அத்தான் அதை வாங்கினார். அக்காள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். நாள் முழுக்க நின்ற கால்களால் சம்பாதித்த மனை அது. “கேட்டுட்டுத்தானே வித்தேன்” என்பார் அத்தான். கேட்டார், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கிட்டாருக்கு அவள் வைத்த பெயர் மனை. பெருக்க வரும்போதெல்லாம் மனையைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்பாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்த்துவார்.

வாரநாட்களில் அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துகிறவர். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. அங்கே அவர் ஒரு சாதாரண ஊழியர், முதலாளி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். வார இறுதியில் மேடையேறினால்தான் மனிதராக இருப்பார்.

நிகழ்ச்சிக்கு அந்தக் கிட்டாரைக் கொண்டுபோவது நிறைமாதப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மாதிரி. வேனில் பின்னால் ஸ்பீக்கர்களோடு போட விடமாட்டார். மடியில் வைத்துக்கொண்டு வருவார், வேகத்தடை வந்தால் பெட்டியோடு எழுந்து நின்றுகொள்வார். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட இறங்கமாட்டார். மண்டபத்துக்குள் போன கையோடு திறக்கவும் கூடாது. வெளிச்சூட்டிலிருந்து ஏசிக்குள் வந்த மரம் நிதானத்துக்கு வரட்டும் என்று மூடிய பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொக்கி கீறிவிடும் என்று பெல்ட் கட்டமாட்டார். சட்டைப் பொத்தான் தெரியாமல் மேலே பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தது அக்காள்தான், திட்டிக்கொண்டே. இடைவேளையில் நாங்கள் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிட ஓடுவோம். இவர் கழிப்பறைக்கும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு தடவை அங்கே கை கழுவ வந்த மாப்பிள்ளையின் தகப்பனார், உள்ளேயும் கச்சேரி உண்டா என்று கேட்டார்.

குழுவின் சொந்தக்காரன் மாஸ்டர். கீபோர்டு வாசிப்பான், ஆள் பிடிப்பான், பேசியே காரியம் சாதிப்பான். விலை கூடியதை வீட்டில் வைத்துவிட்டு ஒரு மட்டமானதைக் கொண்டு வாருங்கள் அண்ணே, வாயில் சோறு இருக்கிறவன் என்னத்தைக் கேட்கப் போகிறான் என்று ஆரம்பத்தில் அவன்தான் கிண்டல் செய்தான். சாப்பிட வந்தவனுக்குக் காது கிடையாது என்று உனக்கு யார் சொன்னது, பீரோவுக்குள் பூட்டி வைக்கவா மனையை விற்றேன் என்று கேட்டார் அத்தான். மாஸ்டர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பிறகு காற்று மாறி அடித்தது. அத்தான் வாசிப்பதை யாரோ ஒரு விருந்தாளி ஃபோனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறவர்கள், அந்தக் கிட்டார் வருமா என்று கேட்டுவிட்டுத்தான் தேதி சொன்னார்கள். கிண்டல் செய்த மாஸ்டரே அதைப் பெரிதாகப் பேனரில் போட்டான். பேனரில் கிட்டார் இருந்தது, அதைப் பிடித்த கை மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. அதற்கு மேல் வெட்டிவிட்டான். அத்தான், உங்கள் தலை எங்கே என்று கேட்டேன். கை என்னுடையதுதானே என்று சொல்லி, அந்தப் பேனரில் ஒன்றை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார். அவ்வளவு அப்பாவி. இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு யார்தான் என்ன செய்ய முடியும்.

அந்தக் கைதான் கெட்டது. இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. முழங்கையில் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். கண்ணாடிக் கடையில் யாருக்கும் தெரியவில்லை, அங்கே இடது கை சட்டத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். மேடையில் முதலில் எனக்குத் தெரிந்தது. என் அடி விழுந்த பிறகு அவர் விரல் வந்து சேர்ந்தது. அவர் கஷ்டமான இடங்களையெல்லாம் சுலபமாக மாற்றி வாசித்து ஒப்பேற்றினார். மாஸ்டருக்கும் காது இருக்கிறதே, கொஞ்ச நாளில் அவனும் பிடித்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தான். அக்காள் கொடுத்த டீயைப் புகழ்ந்தான், அத்தானின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தான், நல்லா ஓய்வு எடுங்கள் என்றான். புதிதாக ஒருத்தனைச் சேர்த்திருக்கிறானாம். அவனிடம் இருப்பது ஒட்டுப்பலகைக் கிட்டார், அதை வைத்துக்கொண்டு, பேனரில் இருக்கிற கிட்டார் வரும் என்று கேட்கிறவர்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாதாம்.

“கை சரியாகுற வரைக்கும்தான் அண்ணே. சரியானதும் உங்க இடம் உங்களுக்கு. இப்போதைக்கு கிட்டாரை மட்டும் குடுத்தனுப்புங்க.”

அத்தான் டீக்குவளையைக் கீழே வைத்தார்.

“கிட்டார் தனியா எங்கயும் போனதில்ல மாஸ்டர்” என்றார். “அது வந்தா நானும் வருவேன்.”

அன்றிலிருந்து அத்தான் தன் சொந்தக் கிட்டாருக்கு எடுபிடி. மடியில் வைத்துக்கொண்டு வருவார், குளிர் பழகும்வரை காத்திருப்பார், கம்பிகளைத் துடைப்பார், சுருதி கூட்டுவார், கடைசியில் அதை இன்னொருத்தன் கழுத்தில் மாட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நிற்பார். புதியவனுக்குக் கணினிக் கம்பெனியில் வேலை, அதனால் நாங்கள் சாஃப்ட்வேர் என்று கூப்பிட்டோம். மரியாதை தெரிந்தவன். அத்தான் சொன்னதும் பெல்ட்டைக் கழற்றி வைத்தான், ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் அங்கிள் என்றான். நன்றாகவும் வாசித்தான், அதைச் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிப்போகும். அத்தான் திரைக்கு அந்தப்பக்கம் நின்று, அவன் வாசிப்பதையெல்லாம் தன் தொடையில் விரல் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். டிரம்ஸ் மேடையிலிருந்து எனக்கு அது நேராகத் தெரியும். ஒரு நாளும் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன், பார்த்துவிடுவேன்.

திரும்ப மேடையேற வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே இல்லை. முழங்கையில் அறுவை செய்துகொண்டார். ரப்பர் பந்தைப் பிசைந்தபடியே கடைக்குப் போனார், வந்தார். அக்காள் சாப்பாட்டுக்குப் பிறகு விரல் விரலாக நீவிவிடுவாள். மனைக்கு இவ்வளவு செய்திருந்தால் மாடியே எழுப்பியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே நீவுவாள். மாதங்கள் போயின. ஒரு நாள் என்னை உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். நான் முட்டியில் தாளம் போட்டேன். பழைய வேகம் முழுக்க வரவில்லை, ஆனால் ஒரு இடத்திலும் பிந்தவில்லை. இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

மாஸ்டரிடம் சொன்னார். அடுத்த நிகழ்ச்சியில் பார்க்கலாம் என்றான். அடுத்ததும் போனது, அதற்கடுத்ததும் போனது. நான் போய்ச் சத்தம் போட்ட பிறகு, ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு வரச் சொன்னான். மேடையில் அண்ணனுக்கு நாற்காலி போட்டாயிற்று என்றான். அத்தான் அக்காளையும் வரச் சொன்னார். மனையை விற்ற கோபத்தில் அவள் அதுவரை ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. அன்றைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, நல்ல சேலை கட்டி, மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

திரைக்குப் பின்னால் அத்தான் சுருதி கூட்டி முடித்து, வாரைத் தோளில் போடப் போனார். மாஸ்டர் சாஃப்ட்வேரின் ஒட்டுப்பலகைக் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்தான்.

“அண்ணே, உங்க இடம் தயார். ஆனா அது அவன் கையிலயே இருக்கட்டும். அவங்க கேட்டது அந்தச் சத்தத்த. நீங்க இத வச்சுக்கிட்டு அவனுக்குப் பக்கத்துல வாசிங்க.”

நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அத்தான் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். திரை இடுக்கு வழியாக மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பிறகு தன் கிட்டாரை சாஃப்ட்வேரின் கழுத்தில் தானே மாட்டிவிட்டு, அவனுடையதை வாங்கிக்கொண்டார். அவன் அங்கிள், அங்கிள் என்று என்னவோ சொல்ல வந்தான், மாஸ்டர் அவனை இழுத்துக்கொண்டு போனான்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் பாதி மறைகிற மாதிரி அந்த நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து அத்தான் வாசித்தார். இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் நான் டிரம்ஸ் மேல் காட்டினேன். இரண்டாவது பாட்டில் அவர் பக்கம் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் பக்கவாட்டுப் படியில் அக்காள் ஏறி வந்தாள். நேராக சாஃப்ட்வேரிடம் போனாள்.

“தம்பி, அதக் கழட்டிக் குடு.”

அவன் கழற்றிக் கொடுத்துவிட்டான். மாஸ்டர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, முடியட்டும் அக்கா, அப்புறம் பேசலாம் என்றான்.

“இது எங்க வீட்டு மனை. யாரக் கேட்டு இதுல ஆள குடி வச்சீங்க?”

எனக்குக் கைதட்டத் தோன்றியது. இத்தனை நாளில் ஒருத்தியாவது கேட்டாளே என்று இருந்தது. அவள் அத்தானைப் பார்த்து, எழுந்திருங்கள் போகலாம் என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை.

“நீ போ. நான் முடிச்சுட்டு வர்றேன்.”

அவள் கிட்டாரைப் பெட்டியில் வைத்து, நாலு பூட்டையும் போட்டு, தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே நடந்து வெளியே போனாள். அவள் கண்ணுக்கு மறைந்ததும் மாஸ்டர் அத்தானிடம் குனிந்தான். அண்ணே, அவனுடையதை அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்றான். கொடுத்தார். மீதி நிகழ்ச்சி முழுவதும் என் அத்தான் மேடையில், விளக்கு வெளிச்சத்தில், அந்த நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால் எல்லாரும் பார்ப்பார்கள். இரண்டு கைகளையும் முட்டியில் வைத்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு நானும் கூடப் போனேன். சண்டை வரும் என்று நினைத்தேன், அவர் குரலையே உயர்த்தவில்லை. உங்கள் மானத்துக்காகத்தானே செய்தேன் என்று அக்காள் அழுதாள்.

“என் மானத்த நான் கேட்டேனா? நான் மேடையில இருந்தேன். எந்தக் கிட்டாரா இருந்தா என்ன, வாசிச்சுக்கிட்டு இருந்தேன்ல.”

அக்காள் அழுகையை நிறுத்திவிட்டாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நாங்கள் இருவரும் அவருக்காகக் கொதித்தோம், அவரோ அந்த மூலை நாற்காலியில் நிறைந்துபோய் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் கூப்பிடவில்லை. அத்தான் ஃபோனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். ஒரு நாள், அக்காள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். நிகழ்ச்சிக்கு ஆகும், இங்கேயே இருக்கட்டும், எனக்கு அந்த ஒட்டுப்பலகை போதும் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தார். மாஸ்டர், அதற்கென்ன அண்ணே, சொல்லி அனுப்புகிறேன் என்றானாம். அக்காள் வந்து காலியான மூலையைப் பார்த்தாள். என்னிடம்தான் சொன்னாள், மனையும் போச்சு, மனுஷனும் போயிட்டான் என்று.

இப்போது அந்தக் கிட்டார் எல்லா நிகழ்ச்சிக்கும் தனியாகத்தான் வருகிறது, வேனில் ஸ்பீக்கர்களுக்கு அடியில். அத்தானின் நாற்காலி இருந்த இடத்தில் விளக்குக் கம்பம் ஒன்றை நிறுத்துகிறார்கள். நானும் அங்கேதான் வாசிக்கிறேன். ரோஷம் இருந்தால் விட்டிருக்க வேண்டும், என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், விடவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அத்தானிடமிருந்து ஃபோன் வரும். வெயிலில் வைத்தார்களா, கீறல் விழுந்ததா என்று கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

“சாஃப்ட்வேர் பக்கத்துல யாராச்சும் உக்காந்து வாசிச்சாங்களா?”

“யாரும் இல்ல அத்தான்.”

“அப்ப இடம் காலியாத்தான் இருக்கு.”

“ஆமா அத்தான்” என்கிறேன். “காலியாத்தான் இருக்கு.”