நான்காவது மாடியில் நின்றவர்

பெங்களூரில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் அவர் குமாஸ்தா. நரைத்த மீசை, போலியோவில் சூம்பிய கால், இரண்டு ஊன்றுகோல். ஜோகுபாளையத்திலிருந்து தினமும் ஆட்டோவில் வருவார். தீ விபத்துப் பயிற்சிக்கு மணி அடித்தால் நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்குவோம். அவர் மட்டும் நான்காவது மாடிப் படிக்கட்டருகே வந்து சுவரோரமாக நின்றுகொள்வார். அந்த நேரத்தில் லிஃப்ட் ஓடாது. அவரைக் கீழே இறக்கும் பொறுப்பு, பட்டியலில் என் பெயருக்கு எதிரே இருந்தது.

"நிஜமா பத்திக்கிட்டாலும் வருவீங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டார்.

"கண்டிப்பா சார்" என்றேன்.

ஒரு மதியம் மின்சார அறையிலிருந்து கரும்புகை கிளம்பியது. "பெங்கி, பெங்கி" என்று யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினோம். அவர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நிற்காமல் அவரைத் தாண்டி ஓடினேன்.

தீயணைப்பு வீரர் ஒருவர் அவரை முதுகில் சுமந்து இறக்கியபோது அவருக்குச் சுயநினைவில்லை.

விசாரணையில், நான் கடைசிவரை கூடவே இருந்ததாகவும் தானே என்னைக் கீழே அனுப்பியதாகவும் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய், "ஏன் சார் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "நிஜத்தைச் சொன்னா உங்க பேரை எடுத்துட்டு வேற ஒருத்தரைப் போடுவாங்க. அவரும் ஓடுவாரு. நீங்க ஒருவாட்டி ஓடிட்டீங்க. இனிமே ஓட மாட்டீங்க."

எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓட மாட்டேன் என்று அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.