சீதேவிப்பிள்ளை சொன்ன "இல்ல"

வெல்லாவெளி ஊர்ச் சீதேவிப்பிள்ளை பெரியவர்களை மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "ஓம்"தான்.

ஷெல் விழுந்த ஒரு காலையில், ஆற்றுத் துறையடியில் ஓடும்போது விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்தியது, நோவு போகவில்லை. கை வீங்கிச் சிவந்து, முந்தானை பட்டாலும் நெருப்பாக எரிந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்தார்கள், ஊரில் செய்வினை என்று கழிப்புக் கழித்தார்கள். எது செய்தும் கதிர் அறுக்கக் கை உதவவில்லை.

சமாதானப் பேச்சில் பாதை திறந்ததும் கணவன் இளையதம்பி அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனான். முள்ளந்தண்டுக்குள் மெல்லிய வயர் வைத்து மின்சாரம் விட்டால் நோவு மங்கும் என்றார் அங்கிருந்த வைத்தியர். மின்சாரம் ஊரும் விறுவிறுப்பு நோகும் இடத்திலேயே தெரிய வேண்டும். அதை அவள்தான் சொல்ல வேண்டும். அதனால் அவளை மயக்கத்தில் ஆழ்த்தவில்லை.

குப்புறக் கிடந்தவளிடம், வைத்தியரின் சிங்களத்தைத் தமிழாக்கினாள் மட்டக்களப்புத் தாதி பேர்னிஸ்.

"கையில தெரியுதா?"

"ஓம்."

பேர்னிஸ் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "உண்மையாவா அக்கா?"

"தோளிலதான். பாவம் டொக்டர், நிண்டு களைச்சுப் போனார். ஓம் எண்டே சொல்லுங்க."

"அவர் களைக்கட்டும். ஒரு கிழமை பாத்து, நோ குறையல்ல எண்டா வயரக் கழட்டிருவாங்க. இந்தக் கையோட ஊருக்குப் போறது அவரா, நீங்களா?"

சீதேவிப்பிள்ளை மெல்லச் சொன்னாள்: "இல்ல டொக்டர், தோளில."

வைத்தியர் வயரை நகர்த்தினார்.

"இல்ல. இது முழங்கை."

மறுபடியும் நகர்த்தினார். "இல்ல." இந்தத் தடவை உரத்தே சொன்னாள்.

பிறகு மணிக்கட்டில் எறும்பு ஊர்ந்தது போல விறுவிறுத்தது. விரல் விரலாக இறங்கியது. எரிச்சலுக்கு மேல் யாரோ ஈரத்துணி போட்டது போலிருந்தது.

"நில்லுங்க! அசைக்காதீங்க!"

சிங்களமாக்கும் முன்பே வைத்தியர் கையை எடுத்துவிட்டு நின்றார். பேர்னிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கிழமை ஏழு நாளும் நோவு குறைந்தே இருந்தது. வயருக்கு உரிய பற்றரியை இடுப்புத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள்.

அறுவடைக்கு வயல் வட்டைக்குப் போன அன்று, வரம்பில் நின்றவர்களிடம் இளையதம்பி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "கொழும்பு டொக்டரையே நில்லுங்க எண்டவள் என்ர பொஞ்சாதி. நோ முழுக்கப் போயிற்று."

"இல்ல," என்றாள் சீதேவிப்பிள்ளை. "பாதி இரிக்கு. மத்தப் பாதி, நான் சரியான இடத்தச் சொன்னதால போனது."

வலது கையில் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள்.