மொச்சைக் காட்டில் உறைந்த பனி

பனி என்கிற சொல்லுக்காக ஒரு மலை ஏறினேன் என்றால் சிரிப்பீர்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்த மார்கழி அது. கல்வராயன் மலையில் பனி உறைகிறது என்று உடன் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை. அவ்வளவு உயரமில்லாத மலை. பனித்துளியைத்தான் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். தமிழில் அதற்கு வசதி உண்டு. துளி, மூடுபனி, உறைந்த பனி எல்லாமே பனிதான். பழைய நூல்களில் பனித்தல் என்றால் நடுங்குதல்; பனி என்றால் கண்ணீரும் உண்டு, அச்சமும் உண்டு. கன்னடத்தில் ஹனி என்றால் துளி, மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். துளி முதலா, நடுக்கம் முதலா என்று தீர்த்துச் சொல்பவர்களை எனக்குச் சந்தேகம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் வழியாக மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள். காலை ஒன்பது மணிப் பேருந்தில் ஏறினால் பனி உறைவது உண்மையா என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு மாலையில் இறங்கலாம் என்பது என் கணக்கு. மாலையில் நடத்துநர் கையை விரித்தார்.

"கீழ மறியலுங்க மேடம். ரோட்டுல ஒக்காந்துகினு இருக்காங்க. வண்டி இன்னிக்கி எறங்காது."

விடுதி எதுவும் திறந்திருக்கவில்லை. டீக்கடையில் மொச்சை விலை கேட்டுக்கொண்டிருந்த மல்லிகா என்பவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"நம்ம வூட்டுக்கு வாங்கக்கா. எங்க வூட்டுக்காரரும் கீழதான் மாட்டிகினாரு. மோட்டார ரிப்பேருக்கு எடுத்துகினு போனவரு."

அவருக்குக் கவலை கணவரைப் பற்றியல்ல, மோட்டாரைப் பற்றி. வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு மொச்சைக் காடு, பிஞ்சும் காயுமாக. பொங்கலுக்குக் கீழே போகவேண்டியது. அந்த வருடம் அவர்களுக்கு விற்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். பனி உறையும் என்று தோன்றினால் விடியலில் மோட்டார் போட்டு நீர் தெளிப்பார்களாம்.

விடியும் முன் பாத்திரத்தைத் தட்டும் ஓசை. ஓடிப்போய்ப் பார்த்தேன். காடு வெள்ளையாக இருந்தது. துளியல்ல. ஓர் இலையைத் தொட்டேன், சர்க்கரைத்தூள்போல் நெறுநெறுத்தது. ஒவ்வொரு இலை விளிம்பிலும் ஊசி ஊசியாக நின்றது. கிணற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது, அடியில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல். என் கைகள் நடுங்கின. குளிராலா வேறெதனாலா என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியாது.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய காடு வெளுத்தாலும் அவர்கள் பாத்திரத்தைத் தட்டுவார்கள். மற்றவர்கள் தங்கள் குடத்தோடு வருவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வெயில் படுவதற்குள் கிணற்று நீரைத் தெளித்து இலையைக் கழுவிவிட வேண்டும். உறைந்த இலைமேல் வெயில் நேராக விழுந்தால் கருகிவிடும். அன்று எட்டுப் பேர் வந்தார்கள். ஊரில் பாதிப் பேர் மறியலால் கீழே மாட்டியிருந்தார்கள்.

நான் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டின் கீழ்ப்பள்ளத்துக்கு ஓடினேன். அங்கேதான் பனி தடித்திருந்தது. மல்லிகாவின் ஓர்ப்படி ஜெயாவும் அங்கேதான் நின்றாள்.

"அக்கா, மேல வாங்க!" என்று மல்லிகா என்னைப் பார்த்துக் கத்தினார். "வெயிலு மொதல்ல மேலதான் வரும்."

"கீழ இம்மாம் வெள்ளயா கீது. இத வுட்டுட்டு மேல இன்னா பண்ணப்போற?" என்றாள் ஜெயா.

"ரெண்டயும் புடிக்க ஆளு இல்லடி. கீழ போனா போவுது."

"போனா போவுதா? பாதிக் காடுடி அது!"

மல்லிகா அதற்குள் மேல் பாத்தியில் கொத்து வேப்பிலையைக் குடத்தில் முக்கி வீசத் தொடங்கியிருந்தார். ஜெயா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு என் குடத்தையும் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினாள். "படிச்ச அக்காவுக்குத் தூக்க வரல, நீ அங்கியே கத்திகினு இரு" என்று மல்லிகாவைத் திட்டிக்கொண்டேதான்.

சூரியன் எதிர் முகட்டில் தலைகாட்டியதும் வெளிச்சம் ஒரு கோடாகச் சரிவில் இறங்கியது. தொட்ட இடமெல்லாம் வெள்ளை மின்னியது, மறைந்தது. அதற்கு முன்னால் ஓடினோம். மேல் பாத்தியின் கடைசி மூன்று வரிசைக்கு முன் அது எங்களை முந்திவிட்டது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இவ்வளவு அழகான ஒன்று இவ்வளவு கெடுதல் செய்து நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கெல்லாம் பள்ளம் வேகவைத்த கீரைபோல் துவண்டு கறுத்தது. மேல் பாத்திகள், அந்த மூன்று வரிசை தவிர, தப்பி நின்றன. மல்லிகா ஒரு காயை உரித்து உள்ளே பார்த்தார், பச்சை. ஜெயாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளாமல், "பனி நாளுல மோட்டார கீழ அனுப்பிட்ட. அது வரட்டும், அப்பறம் பேசிக்கறேன்" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதி. மேகமில்லாத, காற்றில்லாத இரவாக இருந்தால் மட்டும் எதிர்பாருங்கள். பெரும்பாலும் துளிதான் கிடைக்கும். தடித்த கம்பளி, டார்ச் அவசியம். செல்போன் சிக்னலை நம்பவேண்டாம். மறியல் செய்தி வந்தால் அன்று ஏறாதீர்கள். படமெடுக்க யாருடைய காட்டிலும் கால் வைக்காதீர்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மல்லிகாவுக்குப் போன் செய்தேன். மேல் பாத்தியைச் சந்தைக்கு அனுப்பியாயிற்று என்றார். பள்ளத்தில் கருகியதை அறுத்துப் போட்டதில் மாடுகள் இரண்டு நாளாக வேறெதையும் தொடவில்லையாம்.

"ஜெயாவோட மாடுங்கதான்க்கா" என்றார். "எங்கிட்ட பேச மாட்டேன்னா. மாட்ட மட்டும் ஓட்டிகினு வந்துட்டா."